நண்பர்களோடு மறுபடியும் வைனரிக்குப் போவது: பழைய மாதிரியேவா, வேறு மாதிரியா?

கொடிநிழல் (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். கொரோனாவுக்கு முன்னால் எங்கள் நண்பர் கூட்டம் பக்கத்தில் இருக்கும் வைனரிகளுக்கு, அதாவது ஒயின் செய்யும் இடங்களுக்கு, அடிக்கடி போய்வரும். ஒரே நாளில் பல இடங்கள். ஒவ்வொரு கவுண்டரிலும் நின்றபடியே ருசி பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவோம். 2020 மார்ச்சோடு அது நின்றுபோனது. நடுவில் ஆளுக்கொரு கோப்பையோடு கணினித் திரை முன்னால் உட்கார்ந்து பேசிப் பார்த்தோம், அது ஒட்டவில்லை. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்த பிறகும் நாங்கள் கூடவில்லை. இப்போதுதான் ஒருவழியாக 'போகலாமா' என்ற பேச்சு எழுந்திருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், ஆட்கள் முன்பு இருந்த மாதிரி இல்லை. ஒரு தோழிக்கு நோய் வந்து போனதிலிருந்து வாசனை சரியாகத் திரும்பவில்லை. ஒரு நண்பன் குடியை அடியோடு விட்டுவிட்டான். இன்னொருத்தி வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள், மூடின அறை என்றாலே தயங்குகிறாள். மற்றவர்கள் 'முன்னே மாதிரியே போகலாம்' என்கிறார்கள். யாரையும் விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் இல்லை. மறுபடி ஆரம்பித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எப்படிச் செய்தீர்கள்?

காலைப்பனி:

நாங்கள் ஆரம்பித்துவிட்டோம். முதலில் நடைமுறை விஷயம். இப்போது பல இடங்களில் முன்பதிவு இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கவுண்டரில் முண்டியடித்து நிற்பது போய், மேசை போட்டு உட்கார வைத்து ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. கூட்டம் சேராமல் இருக்கக் கொண்டுவந்த ஏற்பாடு அது. விருந்தாளிகளுக்கும் பிடித்துப்போனதால் நிலைத்துவிட்டது.

இதனால் ஒரு நாளில் பல இடம் என்ற பழைய கணக்கு இனி ஒத்துவராது. ஒரு மேசைக்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும். நாங்கள் ஒரு நாளைக்கு ஒரே இடம் என்று வைத்துக்கொண்டோம். ஆரம்பத்தில் குறைவாகத்தான் தோன்றியது. ஆனால் முன்பெல்லாம் வண்டியில் ஏறுவதும் இறங்குவதுமாகப் போன நேரம் முழுக்க இப்போது பேச்சுக்குக் கிடைக்கிறது.

அப்புறம், ஆறு பேருக்கு மேல் என்றால் கண்டிப்பாகப் போன் செய்துவிடுங்கள். இணையப் பதிவில் பெரிய கூட்டத்துக்கு இடமே காட்டாது. கேட்டால் இரண்டு மேசையைச் சேர்த்துப் போடுவார்கள்.

பீப்பாயடி:

நான் ஒரு சிறிய வைனரியில் நிலவறை வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

எல்லாம் பூட்டிக் கிடந்தபோதும் திராட்சைக் கொடி காத்திருக்கவில்லை. பூமியின் தென்பாதியில் அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அதாவது 2020இல் ஊரடங்கு வந்த நேரத்தில் அங்கே பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். வடபாதியில் ஆகஸ்ட் முதல் அக்டோபர். பழம் வந்தது, வாங்க ஆள் வரவில்லை. தென்னாப்பிரிக்காவில் 2020 மார்ச் 27 முதல் மது விற்பனைக்கே தடை போட்டார்கள். பிரான்சில் தேங்கிக் கிடந்த ஒயினைக் காய்ச்சி வடித்து ஆல்கஹாலாக்க அரசு பணம் கொடுத்தது. அதில் ஒரு பங்கு கையில் தடவும் கிருமிநாசினிக்குப் போனது. வருஷம் முழுக்கப் பாடுபட்டுச் செய்த ஒயின் அப்படிப் போவதைப் பார்ப்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அதனால் நீங்கள் போகும் இடத்தில் 2020 அறுவடைச் சிவப்பு ஒயின் மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். புட்டியில் கிடந்து பக்குவப்பட்டிருக்கும். அதைவிட, அந்த அறுவடையை எப்படிச் சமாளித்தீர்கள் என்று ஊற்றுகிறவரிடம் கேளுங்கள். மனம்விட்டுப் பேசுவார்கள். எங்களிடம் யாராவது அதைக் கேட்டால் பீப்பாய் வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டுவோம்.

ருசி பார்த்த ஒயினை எல்லோரும் துப்பும் பொது எச்சில் பாத்திரத்துக்குப் பதில் இப்போது ஆளுக்கொரு தனிக் கோப்பை கொடுக்கும் இடங்கள் நிறைய. இது போகாமல் இருக்கவேண்டும் என்று எனக்கு உள்ளூர ஆசை. பொதுப் பாத்திரத்தில் துப்பக் கூச்சப்பட்டு விழுங்கியவர்கள் இப்போது தாராளமாகத் துப்புகிறார்கள்.

கிராம்பு:

கொடிநிழல், உங்கள் தோழியைப் பற்றி எழுதியதைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கும் 2021இல் அதேதான் நடந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வைரஸ் பெரும்பாலும் மோப்ப நரம்பை நேரடியாகத் தாக்குவதில்லை. மூக்கின் உச்சியில் அந்த நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களைத்தான் பிடிக்கிறது. துணை போனதும் நரம்பு சோர்ந்துவிடுகிறது. மோப்ப நரம்பணுக்கள் மறுபடி முளைக்கக்கூடியவை. ஆனால் முளைக்கும்போது இணைப்பு சரியாக அமையாவிட்டால் வாசனை திரிந்து தெரியும். இதற்கு பாரோஸ்மியா என்று பெயர். வெங்காயம், பூண்டு, காபி, வறுத்த எதுவானாலும் சாக்கடை மாதிரி நாறும். எனக்கு மாதக்கணக்கில் காபி கருகிய ரப்பராகத்தான் இருந்தது.

மருத்துவர் மோப்பப் பயிற்சி செய்யச் சொன்னார். ஜெர்மனியில் தாமஸ் ஹும்மல் குழு 2009இல் வெளியிட்ட முறை. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்று நான்கு எண்ணெய்களைக் காலையும் மாலையும் முகர வேண்டும், பன்னிரண்டு வாரம். எல்லோருக்கும் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. எனக்கு முதலில் திரும்பியது கிராம்பு, அதனால்தான் இந்தப் பெயர்.

இனி வைனரிக்கு வருகிறேன். மறுபடி முதல்முறை போனபோது வாசனை பாதிகூட இல்லை. வெள்ளை ஒயினைக் குடித்தால் குளிர்ச்சியும் புளிப்பும் மட்டும் வந்து போயிற்று. பழம், பூ என்று மற்றவர்கள் சொன்ன எதுவும் இல்லை. அடுத்து இரண்டு சிவப்பு ஊற்றினார்கள். அங்கேதான் எனக்கு ஆச்சரியம். டானினை, அதாவது ஒயினில் துவர்ப்பைத் தரும் பொருளை, பிடிக்க மூக்கு தேவையில்லை. எச்சிலில் இருக்கும் புரதத்தோடு அது சேர்ந்து கெட்டியாவதால் கன்னத்தின் உட்புறமும் ஈறும் காய்ந்து இழுக்கும், அது தொடுவுணர்வு. முதல் சிவப்பு ஈறைச் சொரசொரவென்று பிடித்தது. இரண்டாவது வழவழவென்று நாக்கின் நடுவில் பரவி, கடைசியில் மட்டும் லேசாக இழுத்தது. 'இது வயசானது, அது இளசு' என்றேன். ஊற்றியவர் புட்டியைத் திருப்பி ஆண்டைக் காட்டினார், சரியாக இருந்தது. பக்கத்தில் இருந்த தோழிக்கு மூக்கு நன்றாக வேலை செய்தும் இந்த வித்தியாசம் பிடிபடவில்லை. அவள் எப்போதும் வாசனையிலேயே நின்றுவிடுவாளாம்.

அன்று அவள் தான் முகர்வதை எனக்காக ஒவ்வொன்றாகச் சொன்னாள். 'ஈரக் கல்', 'மழை நின்ற மண்', 'புதிதாகச் சீவிய பென்சில்'. பென்சில் என்றதும் எனக்கு அந்த மணம் ஞாபகத்திலிருந்து மேலே வந்தது. மூக்கில் வந்ததா மனதில் வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது.

உங்கள் தோழியிடம் முதலில் கேளுங்கள். 'உனக்கு இப்போ எது தெரியுது, எது நாறுது' என்று நேராகவே கேளுங்கள். பரிதாபப்பட்டுப் பேச்சை மாற்றுவதுதான் எங்களுக்கு அதிகம் வலிக்கும்.

கொடிநிழல்:

கிராம்பு அக்கா, ரொம்ப நன்றி. அவளிடம் இன்று பேசினேன். காபி இன்னும் கருகல்தான் என்றாள். எலுமிச்சை தெரிகிறதாம், பூ வாசனை தூரத்தில் இருப்பதுபோல் தெரிகிறதாம். பீப்பாயடி, இப்படி இருப்பவருக்கு எந்த ஒயின் ஊற்றச் சொல்லலாம்?

பீப்பாயடி:

காபி நாறுகிறது என்றால் ஓக் மரப் பீப்பாய் வாடை பலமாக இருக்கும் ஒயினைக் கடைசிக்குத் தள்ளுங்கள். காரணம் இருக்கிறது. பீப்பாய் செய்யும்போது பலகையை வளைத்த பிறகு உட்புறத்தைத் தீயில் வாட்டுவார்கள். வறுத்த காபிக்கு மணம் தரும் ஒரு கந்தகச் சேர்மம், இப்படி வாட்டிய பீப்பாயில் கிடந்த ஒயினிலும் மிகச் சிறு அளவில் வரும். பாரோஸ்மியா உள்ளவர்களை அதிகம் படுத்துவது அதே சேர்மம்தான் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூக்கு சரியாக உள்ளவருக்கு இனிய வறுவல் மணமாகத் தெரிவது அவருக்கு வேறாகத் தெரியலாம்.

எஃகுத் தொட்டியில் மட்டும் வைத்து எடுத்த வெள்ளை ஒயினில் ஆரம்பியுங்கள். 'ஓக் படாதது இருக்கிறதா' என்று கேட்டாலே புரிந்துகொள்வார்கள். நுரை ஒயினும் நல்லது. குமிழி நாக்கில் குத்தும் அந்த உணர்வுக்கு மோப்பம் வேண்டாம். சிவப்பு வேண்டுமென்றால் பழைய பீப்பாயில் இருந்ததைக் கேளுங்கள். நாலைந்து முறை பயன்படுத்திய பீப்பாய் மணம் எதுவும் பெரிதாகத் தராது. அது ஒயின் மெல்ல மூச்சு விடும் பாத்திரமாக மட்டும் இருக்கும். முடிந்தால் ஒரே திராட்சையில் ஓக் பட்டதும் படாததும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். எது எங்கே திரிகிறது என்று அவருக்கே தெரியவரும்.

தெளிநீர்:

குடியை விட்ட அந்த நண்பனின் இடத்திலிருந்து நான் எழுதுகிறேன். ஊரடங்கில் மாலை ஒரு கோப்பை என்று ஆரம்பித்தது மதியத்துக்கு நகர்ந்து வந்துவிட்டது. நிறுத்திவிட்டேன்.

தயவுசெய்து அவனிடம் 'ஒரே ஒரு வாய்' என்று சொல்லாதீர்கள். 'சும்மா வண்டி ஓட்ட வா' என்றும் கூப்பிடாதீர்கள். அது கூப்பிடுவது இல்லை, வேலை கொடுப்பது. ஆல்கஹாலைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988லேயே சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னது. ஒயினுக்கு மட்டும் விதிவிலக்கு இல்லை. அவன் எடுத்த முடிவுக்கு அடிப்படை இருக்கிறது என்பதை உங்கள் கூட்டம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அந்திவெயில்:

தெளிநீர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அப்படியென்றால் வைனரிக்கே ஏன் போகவேண்டும்? குடிக்காதவர், வாசனை தெரியாதவர், அறைக்குள் வர முடியாதவர் என்று மூன்று பேரை ஒயின் ஊற்றும் இடத்துக்குக் கூட்டிப்போய் உட்கார வைப்பது அவர்களுக்குத்தான் சங்கடம். ஒயின் பிடித்தவர்கள் வைனரிக்குப் போகட்டும். எல்லோரும் சேர்வதற்கு ஆற்றங்கரையோ மலைப்பாதையோ பாருங்கள். எங்கள் கூட்டம் அப்படித்தான் பிரிந்துகொண்டது. யாருக்கும் மனக்குறை இல்லை. ஒயினை ஒழுங்காகக் கவனிக்க வேண்டும் என்று ஆசைப்படுபவனுக்கும் ஒரு நாள் வேண்டும் அல்லவா?

தெளிநீர்:

நியாயமான கேள்வி. என் பதில்: அவனிடம் கேளுங்கள். திராட்சைத் தோட்டமே வேண்டாம், அந்த வாடை அடித்தாலே மனம் தடுமாறும் என்று சிலர் சொல்வார்கள். அவர்களைக் கூட்டிப்போவது தவறு, நீங்கள் சொன்ன ஆற்றங்கரைதான் சரி. எனக்கு அப்படி இல்லை. எனக்குத் தோட்டம் பிடிக்கும், தொழில் பிடிக்கும்.

அறுவடைக்கு முன்னால் போய்ப் பாருங்கள். வரிசைக்குள் நடந்து, அனுமதி கேட்டு ஒரு பழத்தைப் பறித்து வாயில் போடுங்கள். முதலில் சதை, இனிப்பும் புளிப்பும். பிறகு தோலை மட்டும் மெல்லுங்கள், ஒயினுக்கு வரப்போகும் நிறமும் துவர்ப்பும் அதில்தான் இருக்கின்றன. கடைசியாக விதையைத் துப்பிக் கையில் வைத்துப் பாருங்கள். பச்சையாக இருந்தால் இன்னும் ஆகவில்லை. பழுப்பாகி, கடித்தால் மொறுக்கென்று உடைந்தால் பறிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. ஒயின் செய்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள். கோப்பையைத் தொடாமலே அன்று நான் மற்ற எல்லோரையும்விட அந்தத் தோட்டத்தைப் பற்றி அதிகம் தெரிந்துகொண்டு வந்தேன்.

அந்திவெயில்:

இது நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் கேட்டுவிட்டுக் கூப்பிடுவது, கூப்பிட்டுவிட்டுக் கேட்பது இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. குழுவில் எல்லோர் முன்னாலும் கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாமல் வந்துவிடுவார்கள். தனியாகப் போன் போட்டுக் கேளுங்கள்.

மில்லிகணக்கு:

வண்டி ஓட்டும் விஷயத்தை யாரும் விரிவாகப் பேசவில்லை, அதனால் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு முறை ஊற்றுவது 50 மில்லி என்று வைப்போம். ஐந்து வகை என்றால் 250 மில்லி, அதாவது 750 மில்லி புட்டியில் மூன்றில் ஒரு பங்கு. 13 சதவீத ஒயினில் அது கிட்டத்தட்ட 25 கிராம் சுத்த ஆல்கஹால். உடம்பு அதை மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வேகத்தில்தான் எரிக்கும். ஆக இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம். காபி, குளிர்ந்த தண்ணீர், நடை எதுவும் அதை வேகப்படுத்தாது. 'ருசி மட்டும்தானே பார்த்தோம்' என்று சாவியை எடுப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

பல மாதம் குடிக்காமல் இருந்தவருக்கு உடம்பின் பழக்கமும் குறைந்திருக்கும். 2019இல் தாங்கியது இப்போதும் தாங்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். வாடகை வண்டியோ, அன்று ஒரு சொட்டும் தொடாத ஒருவரோ ஓட்டட்டும். அந்தப் பொறுப்பை முறை வைத்து எடுத்துக்கொள்ளுங்கள், குடிக்காத நண்பன் தலையிலேயே ஒவ்வொரு முறையும் கட்டாதீர்கள். ஓட்டுபவருக்கு முகர்ந்து பார்க்கவும் பேசவும் தடை இல்லை. பிடித்ததை ஒரு புட்டி வாங்கிக்கொண்டு வீட்டில் திறக்கலாம். வாங்கிய புட்டியை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கையே வெளியே தள்ளும்.

சாளரம்:

மூடின அறைக்குத் தயங்கும் தோழிக்காக எழுதுகிறேன். என் நிலையும் அதேதான், வீட்டில் எதிர்ப்புசக்தி குறைந்தவர் இருக்கிறார். 'எல்லாம் முடிஞ்சிருச்சே, இன்னும் என்ன பயம்' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அவசரநிலை முடிந்தது, வைரஸ் போய்விடவில்லை.

நான் கையடக்கக் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். திறந்தவெளியில் பத்து லட்சம் பங்கு காற்றுக்கு 420 சொச்சம் பங்கு என்று காட்டும். நாம் விடும் மூச்சு தேங்கும் அறையில் ஏறிக்கொண்டே போகும். ஆயிரத்தைத் தாண்டினால் நான் வெளியே வந்துவிடுவேன். தோட்டத்தைப் பார்த்த மேசை, திறந்த வராந்தா இருக்கிற இடமாகப் பார்த்துப் போகிறேன். முன்பதிவின்போதே 'வெளியில்தான் வேண்டும், மழை வந்தால் வேறு நாளுக்கு மாற்றித் தருவீர்களா' என்று கேட்டுவிடுவேன். இரண்டாவது கேள்விதான் முக்கியம். மழை வந்ததும் எல்லோரையும் உள்ளே அழைத்துப் போய்விடுவார்கள்.

பீப்பாயடி:

சாளரம் அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அறுவடைக் காலத்தில் நொதிக்கும் அறைக்குள் அந்த மீட்டரை வைத்து மூச்சுக் காற்றைக் கணக்கிட முடியாது. சர்க்கரை ஆல்கஹாலாக மாறும்போது ஒரு லிட்டர் சாறு 40 லிட்டருக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு விடும். அது காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். தொட்டிக்குள் தலையை நீட்டி முகர்ந்து பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். செய்யவே செய்யாதீர்கள். இந்தத் தொழிலில் அனுபவசாலிகளே அதனால் உயிரை விட்டிருக்கிறார்கள். மீட்டர் அங்கே ஏறினால் காரணத்தை ஆராய நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

அறுவடை நேரத்தில் வர ஆசைப்படுபவர்களிடம் இன்னொன்றும் சொல்லவேண்டும். அப்போது எங்களுக்குத் தூக்கமே கிடையாது, உங்களோடு உட்கார்ந்து பேச ஆள் இருக்காது. பேச்சுதான் வேண்டுமென்றால் அறுவடைக்குச் சில வாரம் முன்னால், பச்சைக் காய் கறுப்பாக நிறம் மாறி முடிந்த சமயத்தில் வாருங்கள். தெளிநீர் சொன்ன அந்தப் பழம் மெல்லும் சோதனைக்கும் அதுதான் ஏற்ற காலம்.

கொடிநிழல்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று பேரிடமும் தனித்தனியாகப் போனில் பேசிவிட்டேன். குடியை விட்டவன் தோட்டம் நடக்க வருகிறேன் என்றான், மேசைக்கு வரமாட்டானாம். நாங்கள் ருசி பார்க்கும் நேரத்தில் அவன் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுபவரோடு இருப்பான். இதை அவனே சொன்னான், எனக்கும் சரியென்று பட்டது. அம்மாவைப் பார்த்துக்கொள்பவள் வெளி மேசை என்றதும் சம்மதித்தாள். வாசனை போனவள் ஓக் பட்டது படாதது சோதனையைக் கேட்டதிலிருந்து ஆர்வமாக இருக்கிறாள். 'முன்னே மாதிரியே போகலாம்' என்ற மற்றவர்களுக்கு ஒரே இடம் என்பது ஏமாற்றம்தான். அதில் ஒருவன் இந்த முறை வரவில்லை என்று சொல்லிவிட்டான். வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் திட்டத்தை மாற்றப்போவதில்லை. வாடகை வண்டி பேசியாகிவிட்டது.

இனி போன் செய்து பதிவு செய்யவேண்டியதுதான். வேறு எதுவும் கேட்க வேண்டுமா?

கிராம்பு:

அன்றைக்கு யாரும் சென்ட் பூசிக்கொண்டு வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூக்கு அரைகுறையாக வேலை செய்பவருக்குப் பக்கத்து நாற்காலி சென்ட் ஒன்றே போதும், கோப்பையில் இருப்பது எதுவும் எட்டாது.

பீப்பாயடி:

வரிசைக்குள் நடக்கலாமா, பழம் பறித்துச் சாப்பிடலாமா என்று தனியாகக் கேளுங்கள். கடைசியாக எப்போது மருந்து தெளித்தார்கள் என்றும் கேளுங்கள். தெளித்த பிறகு இத்தனை நேரம் உள்ளே போகக்கூடாது, இத்தனை நாள் பறிக்கக்கூடாது என்று ஒவ்வொரு மருந்துக்கும் கணக்கு உண்டு. அந்தக் கெடு முடிந்த நாளாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.